கோச்சிங் கேம்ப் போட்டோ டே: எங்க ஏரியா ஸ்டுடியோ எப்படி பண்ணாங்க

மே மாசம் எங்க பையன் போற கிரிக்கெட் கோச்சிங்ல போட்டோ டே வெச்சோம். 64 பசங்க, அண்டர் 10ல இருந்து அண்டர் 16 வரைக்கும் நாலு பேட்ச், இடம் தி.நகர் சோமசுந்தரம் கிரவுண்டு. அங்க ஞாயித்துக்கிழமை காலைல ஒரே நேரத்துல எத்தன மேட்ச் ஓடும்னு போனவங்களுக்கு தெரியும், பக்கத்து டீம் அடிக்கிற பால் நம்ம பசங்க நடுவுல வந்து விழும், அதுக்குள்ள போட்டோ எடுக்கணும்னா பக்கா பிளான் வேணும்.

போன வருஷம் வேற ஒருத்தர கூப்பிட்டு பத்தரை மணிக்கு எடுத்தோம், உச்சி வெயில்ல தொப்பி நிழல் விழுந்து பாதி பசங்களுக்கு கண்ணே தெரியல, மீதி பேர் கண்ண சுருக்கிட்டு நிக்கிறாங்க.

இந்த தடவை எங்க தெருமுனை ஸ்டுடியோ. அப்பாவும் மகனும் நடத்துறாங்க. முந்தின ஞாயிறு காலைலயே ரெண்டு பேரும் கிரவுண்டுக்கு வந்து வெயில் எந்தப் பக்கம் விழுதுன்னு நின்னு பாத்துட்டு, "மேடம், ஆறேகாலுக்கு ஆரம்பிச்சு எட்டுக்குள்ள முடிச்சுடலாம், சின்ன பசங்க மொதல்ல"ன்னு சொல்லிட்டாங்க. பேட்ச்சுக்கு 25 நிமிஷம்னு டைம் போட்டு வாட்ஸ்ஆப் குரூப்ல அனுப்பினோம், ஜெர்சி அயர்ன் பண்ணி போட்டுட்டு வாங்க, வார்ம்-அப் எல்லாம் போட்டோக்கு அப்புறம்தான்னு கண்டிப்பா சொல்லிட்டோம்.

எனக்கு ரொம்ப பிடிச்சது அந்த சீட்டு ஐடியா. ஒவ்வொரு பையனும் மொதல் ஷாட்ல அவன் பேரும் நம்பரும் எழுதுன சீட்ட கைல புடிச்சு நிப்பான், அடுத்த ஷாட்தான் நிஜ போட்டோ, அதனால பின்னாடி யார் படம் யாருதுன்னு குழப்பமே வரல. குரூப் போட்டோக்கு மடக்கு பெஞ்சு அவங்களே கொண்டு வந்தாங்க, பின் வரிசை மங்கலாகக் கூடாதுன்னு லென்ஸ் திறப்ப சின்னதாக்கி (எஃப் 8ன்னு சொல்வாங்க) ஏழெட்டு ஷாட் எடுத்தாங்க, ஏன்னா ஒவ்வொரு ஷாட்லயும் யாராவது ஒருத்தன் கண்ண மூடிடுவான்.

அண்டர் 10ல ஒரு குட்டி கீப்பர் இருக்கான், பேடு அவன் தொடைக்கு மேல வரும், கேமராவ பாத்ததும் தலைய குனிஞ்சுட்டான். பெரியவர் அந்த மண்ணுலயே குப்புற படுத்துட்டு, "தம்பி, நான்தான் பேட்ஸ்மேன், என்ன ஸ்டம்பிங் பண்ணு பாப்போம்"னாரு. அவன் சிரிச்சுக்கிட்டே கைய நீட்டி பாஞ்சான் பாருங்க, அந்த படம் இப்ப அவங்க வீட்டு ஹால்ல மாட்டியிருக்கு.

காய்ச்சல்ல வராத மூணு பேருக்கு அடுத்த ஞாயிறு அதே நேரத்துக்கு வந்து எடுத்துக் குடுத்தாங்க, எக்ஸ்ட்ரா காசு கேக்கல.

குறை இல்லாம இல்ல. பிரிண்ட் 10 நாள்ல தரேன்னு சொல்லிட்டு 22 நாள் ஆச்சு, தினமும் பேரன்ட்ஸ் போன் பண்ணி என்னத்தான் கேட்டாங்க. ரெண்டு பசங்க பேர தப்பா அடிச்சுட்டாங்க, 'கவின்' 'கவிண்' ஆயிடுச்சு, சொன்னதும் ஃப்ரீயா மாத்தி குடுத்தாங்கதான், ஆனா அடிக்கிறதுக்கு முன்னாடி லிஸ்ட்ட ஒரு தடவை நம்மகிட்ட காட்டியிருக்கலாம். சாஃப்ட் காப்பி வாட்ஸ்ஆப்ல அனுப்பாம டிரைவ் லிங்க்கா குடுத்தது நல்லது, கிளாரிட்டி குறையல.

ஒரு பையனுக்கு 250 ரூபா, தனி போட்டோ ஒண்ணு, 8க்கு 12 சைஸ்ல குரூப் போட்டோ ஒண்ணு. இந்த வேலைக்கு நியாயமான ரேட்டு. அடுத்த வருஷத்துக்கு இப்பவே அட்வான்ஸ் குடுத்தாச்சு, பில்லுல டெலிவரி தேதியையும் எழுதி வாங்கிட்டேன்.