உப்புவெளி வீட்டுக் கராஜில் இரட்டைத் தூண் லிஃப்ட்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

திருகோணமலை உப்புவெளியில், கடலோசை கேட்கும் தூரத்தில் இருக்கும் எங்கள் வீட்டின் பின்வளவில் ஒரு தகரக் கொட்டகை உண்டு. நானும் தம்பியும் எங்கள் வாகனங்களையும் உறவினர்களின் வாகனங்களையும் நெடுங்காலமாக அதற்குள்தான் பழுதுபார்த்து வருகிறோம். ஒரு துரோலி ஜக், நான்கு ஜக் ஸ்டாண்டுகள், முதுகுக்குக் கீழே விரிக்க ஒரு மட்டைப் பெட்டி என்பவையே எங்களிடம் இருந்தன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதி கிடைத்ததால், இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் எல்லோருடைய வாகனமும் வயதேறியது. எங்கள் கொட்டகைக்கு வந்த வேலையும் கூடியது. படுத்த நிலையில் ஒரு வான் கியர்பொக்ஸை இறக்கும்போது அது தம்பியின் தோளில் சரிந்த நாளன்று, கார் லிஃப்ட் ஒன்றை வாங்குவதென்று முடிவு செய்தோம். சேவிஸ் நிலையங்களில் ஹொயிஸ்ட் என்று சொல்லப்படுவது இதுதான்.

முதலில் யோசித்தது குழி வெட்டுவதைப் பற்றி. செலவு குறைவு, மின்சாரம் வேண்டாம், ஊரிலுள்ள பழைய கராஜ்களில் பார்த்துப் பழகியதும் அதுவே. ஆனால் எங்கள் கிணற்றில் கார்த்திகை, மார்கழி மாதங்களில் தண்ணீர் கைக்கெட்டும் உயரத்துக்கு வந்துவிடும். ஐந்தடி ஆழக் குழியொன்று அந்த மாதங்களில் தொட்டியாகிவிடும். இதைவிடப் பாரதூரமான காரணம் இன்னொன்று: பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது என்பதால் அது குழியின் அடியில் தேங்கி நிற்கும். எரிபொருள் குழாயைக் கழற்றும் ஒருவர், மின்விளக்கொன்றைக் கையில் பிடித்தபடி அந்த ஆவிக்குள் நிற்பதை நான் விரும்பவில்லை.

கத்தரிக்கோல் வகை லிஃப்ட் ரயர், பிரேக் வேலைகளுக்கு மிக வசதியானது. தரையோடு தரையாக மடங்கும். ஆனால் வீட்டுப் பாவனைக்கென விற்கப்படும் நடுத்தர வகை சுமார் ஒரு மீற்றர் உயரத்துக்கே தூக்குகிறது, அதன் சட்டகமே வண்டியின் நடுப்பகுதியை மறைத்துக்கொள்வதால் சைலன்சரையும் கியர்பொக்ஸையும் அணுகுவது கடினமாகிறது. நான்கு தூண் லிஃப்ட் இரண்டு வண்டிகளை ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்த விரும்புபவருக்கு உரியது. சில்லுகள் ஓடுபாதையில் ஊன்றியிருப்பதால், சில்லைக் கழற்ற வேண்டுமானால் இடையில் இன்னொரு ஜக் தேவை. எங்கள் வேலைகளுக்கு இரட்டைத் தூண் வகையே பொருந்தியது. அதைப் பொருத்தமானதாக ஆக்குவதற்குச் செய்ய வேண்டியிருந்த வேலைகளோ, லிஃப்ட்டை வாங்குவதைவிடப் பெரியவையாக இருந்தன.

திருகோணமலை நகரின் அநுராதபுரச் சந்தியில் கராஜ் வைத்திருந்த மூத்த மெக்கானிக் ஒருவரிடம் ஆலோசனை கேட்கப் போனபோது, நான் நீட்டிய விலைப்பட்டியலை அவர் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "உங்கட நிலம் என்ன நிலம் எண்டு முதல்ல பாருங்கோ தம்பி, லிஃப்ட்டைப் பிறகு பாக்கலாம்" என்றார். அவர் சொன்னதன் பொருள் பிறகே எனக்கு முழுமையாக விளங்கியது. இரட்டைத் தூண் லிஃப்ட்டில் வண்டியின் முழுப் பாரமும் தூண்களிலிருந்து உள்நோக்கி நீளும் நான்கு கைகளின் நுனியில் தொங்குகிறது. அந்தப் பாரம் தூண்களை ஓயாமல் உட்பக்கமாகச் சாய்க்கப் பார்க்கிறது. சாயவிடாமல் பிடித்து வைத்திருப்பவை, தூணின் அடித்தட்டின் வெளிப்பக்கத்தில் கொங்கிறீட்டுக்குள் இறங்கியிருக்கும் அங்கர் போல்ட்டுகள். ஆகவே கொங்கிறீட் மெல்லியதாகவோ தரம் குறைந்ததாகவோ இருந்தால், நான்கு தொன் தூக்கும் லிஃப்ட் என்று பெட்டியில் எழுதியிருப்பதற்குப் பொருளே இல்லை.

எங்கள் கொட்டகையின் பழைய தரையில் ஒரு மூலையை உடைத்துப் பார்த்தோம். இரண்டு அங்குலக் கொங்கிறீட், அதன் கீழே வெறும் கடற்கரை மணல். லிஃப்ட்டோடு வந்த அங்கர் போல்ட்டுகள் 18 மில்லிமீற்றர் விட்டமும் 160 மில்லிமீற்றர் நீளமும் கொண்டவை. அவை தரையைத் துளைத்துக்கொண்டு மணலுக்குள் போயிருக்கும். தூண்கள் நிற்கும் இடத்தில் 4 மீற்றர் நீளமும் 1.5 மீற்றர் அகலமும் கொண்ட பகுதியை முழுதாக வெட்டியெடுத்து, மணலை நனைத்து இடித்து இறுக்கி, அதன்மேல் கருங்கல் சல்லி பரப்பி, 10 மில்லிமீற்றர் கம்பிகளை ஆறு அங்குல இடைவெளியில் பின்னி, 200 மில்லிமீற்றர் தடிப்பில் ஒரே மூச்சில் கொங்கிறீட் போட்டோம். சீமெந்து ஒன்றுக்கு மணல் ஒன்றரை, சல்லி மூன்று என்ற கலவை. 50 கிலோ சீமெந்துப் பைகள் பத்து முடிந்தன. மணல் விடயத்தில் மேசன் அண்ணையோடு சற்றுக் கடுமையாகவே பேச வேண்டியிருந்தது. வளவில் தோண்டிய மணலையே கலந்துவிடலாம் என்றார் அவர்; உப்பு ஏறிய மணல் உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும் என்பதால், மகாவலி கொட்டியாரக் குடாவில் கலக்கும் பக்கத்திலிருந்து ஆற்று மணலை எடுப்பித்தோம். பத்து நாட்கள் சாக்கு விரித்துத் தண்ணீர் ஊற்றினோம். பிறகு 28 நாட்கள் நிறைவடையும்வரை ஒரு துளைகூடப் போடவில்லை. கொங்கிறீட்டின் வலிமை அந்த 28ஆம் நாளை வைத்தே கணக்கிடப்படுகிறது. பத்தாம் நாளில் அது கல்லைப் போலத் தோன்றினாலும், விரிந்து கௌவும் அங்கர் போல்ட்டை இறுக்கினால் துளையைச் சுற்றி வெடிக்கக்கூடும்.

கொழும்பில் எங்களுக்கு லிஃப்ட்டை விற்ற கடை இவற்றில் ஒன்றையும் சொல்லவில்லை என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன். "நாலு அங்குலத் தரை போதும்" என்ற ஒரே வாக்கியத்தோடு அவர்கள் முடித்துக்கொண்டார்கள். தயாரிப்பாளரின் கைநூலில் தேவையான தடிப்பும் கொங்கிறீட்டின் தரமும், விளிம்பிலிருந்தும் வெடிப்புகளிலிருந்தும் போல்ட் எவ்வளவு தள்ளியிருக்க வேண்டும் என்பதும் தெளிவாக எழுதப்பட்டிருந்தன. அந்தக் கைநூலைப் பணம் செலுத்துவதற்கு முன்பே கேட்டு வாங்குங்கள். தரச்சான்றையும் அப்படியே கேளுங்கள்: வாகன லிஃப்ட்டுகளுக்கான ஐரோப்பிய நியமம் ஈ.என். 1493; அமெரிக்காவில் வாகன லிஃப்ட் நிறுவகத்தின் (ஏ.எல்.ஐ.) சான்று. தூணில் ஒட்டப்பட்ட, ஐரோப்பிய இணக்கக் குறியான சீ.ஈ. ஸ்டிக்கர் ஒன்றையே சான்றாகக் கொள்ளாமல், நீங்கள் வாங்கும் அதே மாதிரி இலக்கம் குறிப்பிடப்பட்ட பத்திரத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

அடுத்தது உயரம். நம் வீடுகளில் பிளேட் (கொங்கிறீட் கூரை) போட்ட கராஜின் உட்புற உயரம் பெரும்பாலும் பத்தடி, அதாவது 3.05 மீற்றர். நாங்கள் வாங்கியது, கம்பிகளும் குழாய்களும் தரையிலுள்ள மூடியின் கீழாகச் செல்லும் வகை. தூணின் உயரம் சுமார் 2.8 மீற்றர் என்பதால் பத்தடிக்குள் அது நின்றுவிடும். ஆனால் தூண் நிற்பதும் வண்டி ஏறுவதும் வேறு வேறு கணக்குகள். 1.65 மீற்றர் உயரமுள்ள சுசுகி வாகன்ஆர் காரைப் பத்தடி பிளேட்டின் கீழ் 1.4 மீற்றருக்கு மேல் தூக்க முடியாது, டொயோட்டா கே.டி.ஹெச். வானை ஏறத்தாழ ஒரு மீற்றர்தான் தூக்கலாம். எங்கள் தகரக் கொட்டகையின் குறுக்குச் சட்டம் 12 அடியில் இருந்ததால் வாகன்ஆர் முழு உயரமான 1.8 மீற்றருக்கும் தாராளமாக ஏறுகிறது, வான் 1.6 மீற்றரில் நிற்க வேண்டியிருக்கிறது. தூண்களை மேலே இணைக்கும் உயர்ந்த வகையில், வண்டியின் கூரை பட்டதும் மோட்டாரை நிறுத்தும் சட்டமொன்று உண்டு. எங்கள் வகையில் அது இல்லை. ஆகவே ஒவ்வொரு வண்டிக்கும் உரிய எல்லையைத் தூணில் சிவப்பு வர்ணத்தால் குறித்து வைத்திருக்கிறோம். தரை மூடியும் ஒரு குறைதான்: சில்லு வைத்த கியர்பொக்ஸ் ஜக்கை உருட்டும்போது அந்த மேட்டில் ஒவ்வொரு முறையும் தடக்குகிறது. உயரம் இருப்பவர்கள் மேலே இணைக்கும் வகையையே வாங்க வேண்டும் என்பது என் முடிவு.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, 2.2 கிலோவாட் ஒற்றைக்கட்ட மோட்டார் 30 அம்பியர் வீட்டு இணைப்பில் வேலை செய்கிறது. ஆனால் தொடங்கும் கணத்தில் அது வழமையைவிடப் பல மடங்கு மின்னை இழுப்பதால், மீற்றர் பெட்டியிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீற்றர் கம்பி இழுத்து, மோட்டாருக்குரிய பிரேக்கரும் நல்ல எர்த்தும் போட்டோம். மோட்டாரின் தகட்டில் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் என்று இருக்க வேண்டும். 60 ஹேர்ட்ஸுக்குச் செய்யப்பட்டது இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுழலும், சூடும் கூடும்.

இனி லிஃப்ட்டைப் பற்றி. ஓராண்டில் நான் மிகவும் மதிக்கத் தொடங்கியது அதன் பூட்டுகளை. ஹைட்ரோலிக் எண்ணெய் வண்டியை ஏற்றுவதற்கு மட்டுமே; ஏற்றிய பிறகு இரண்டு தூண்களிலும் உள்ள இரும்புப் பூட்டுகளில் பாரத்தை இறக்கி உட்கார வைத்த பின்புதான் ஒருவர் வண்டியின் கீழே போகலாம். எங்களுடையதில் பூட்டுகளை இரு தூண்களிலும் தனித்தனியே விடுவிக்க வேண்டும். ஒரே பிடியில் இரண்டையும் விடுவிக்கும் வகையும் மின்காந்தத்தால் விடுவிக்கும் வகையும் சந்தையில் இருக்கின்றன, விலையும் கூட. இருந்தும் ஒவ்வொரு தூணுக்கும் நடந்துபோய்ப் பூட்டைக் கண்ணால் பார்க்க வைக்கும் இந்த வகையே வீட்டுக்கு நல்லது என்று நினைக்கிறேன். பூட்டிலிருந்து வண்டியை இறக்க, முதலில் அதைச் சற்று உயர்த்த வேண்டும். அதற்கு மின்சாரம் வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு இருந்ததை நினைத்து, கைப்பம்பி பொருத்தக்கூடிய மாதிரியைத் தேடி எடுத்தோம். கடந்த மாரியில் மின்சாரம் நின்ற ஒரு மாலையில், மேலே நின்ற அயல்வீட்டுக்காரரின் காரை அதனால்தான் இறக்கிக் கொடுக்க முடிந்தது.

தூக்குதிறனைவிடக் கைகளின் நீளத்தைக் கவனியுங்கள். வாகன்ஆர் 800 கிலோவைச் சுற்றியே இருக்கும், வான் இரண்டு தொன். நான்கு தொன் லிஃப்ட்டுக்கு இவை பாரமே அல்ல. ஆனால் பெரிய வண்டிகளை எண்ணிச் செய்யப்பட்ட கைகள் சிறிய ஜப்பானிய வண்டியின் ஜக் வைக்கும் இடங்களுக்குப் பொருந்தும் அளவு சுருங்காமல் போகலாம். மூன்று கட்டமாக நீளும் கைகள் உள்ளதை வாங்கியதால் எங்களுக்கு அந்தச் சிக்கல் வரவில்லை. எந்த வண்டியையும் நான்கு அங்குலம் தூக்கியதும் நிறுத்தி, பம்பரைப் பிடித்துக் குலுக்கிப் பார்த்த பிறகே மேலே ஏற்றுகிறோம். எஞ்சினை இறக்கும் வேலையென்றால், முன்பாரம் குறைந்து வண்டி பின்பக்கம் சரியக்கூடும் என்பதால், பின்புறத்துக்கு உயரமான தாங்கி ஒன்றை முன்கூட்டியே கொடுத்துவிடுகிறோம்.

பெரிய ஏமாற்றம் துருவால் வந்தது. பூச்சு பார்வைக்கு நன்றாக இருந்தும், ஒரே மாரிக்குள் போல்ட் தலைகளிலும் கைகளின் ஊசிகளிலும் துரு படிந்தது. இரு பக்கமும் சமமாக ஏற வைக்கும் எஃகுக் கம்பிவடம்தான் என் முதன்மையான கவலை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அதைத் துடைத்து, இழை ஏதும் அறுந்திருக்கிறதா என்று பார்த்து, கிறீஸ் பூசுகிறோம். சிலிண்டர் தண்டில் உப்புப் படிந்து புள்ளி விழுந்தால் சீல் கிழிந்து எண்ணெய் கசியும் என்பதால், வேலை இல்லாத நாட்களில் கைகளை அடிமட்டத்துக்கு இறக்கி, தண்டை உள்ளே வைத்திருக்கிறோம். அங்கர் போல்ட்டுகளை முதல் மாதத்தில் மீண்டும் இறுக்கியபோது இரண்டு சற்று நெகிழ்ந்திருந்தன. அதன் பிறகு அசையவில்லை.

கொங்கிறீட், மின்கம்பி, கொழும்பிலிருந்து லொறிக்கூலி எல்லாம் சேர்ந்து லிஃப்ட்டின் விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைப் பிடித்தன. வாங்கும்போதே சிலிண்டர் சீல் தொகுதி ஒன்றையும் கம்பிவடம் ஒரு சோடியையும் சேர்த்து வாங்கியிருக்க வேண்டும். பிறகு கேட்டபோது கடையில் இருப்பு இல்லை என்றார்கள். கடைசியில் கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் அளவு கொடுத்து ஒரு சீல் தொகுதியை எடுப்பித்து, எண்ணெய்த் தாளில் சுற்றி அலுமாரியில் வைத்திருக்கிறோம். கம்பிவடம் இன்னும் கிடைக்கவில்லை.