சமூக மன்றத்து இலவசச் சட்ட ஆலோசனை: ஒரு நாய்க்காகப் போன அனுபவம்

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். ஒன்று ஏன் குறைந்தது என்று பிறகு சொல்கிறேன்.

நான் சிங்கப்பூரில் இரவு நேரப் பாதுகாவலர். காலையில் வந்து படுத்தால் ஒரு மணி வாக்கில் எதிர்ப் புளோக் நாய் எழுப்பிவிடும். குரைப்புகூட இல்லை, ஒரு முனகல்தான். எங்கள் மூன்றாம் மாடியிலிருந்து பார்த்தால் தெரியும்: வீட்டு வாசல் கம்பிக் கதவில் குட்டைக் கயிற்றில் கட்டியிருப்பார்கள். மேற்குப் பார்த்த வாசல், சாயங்காலம் வரை வெயில் நகராது. "நமக்கு எதுக்கு வம்பு" என்றார் மனைவி. நானோ ஃபேஸ்புக்கில் போட்டு நாறடிக்கலாம் என்று வீட்டு எண் தெரியப் படம் எடுத்து வைத்திருந்தேன்.

அதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்றுதான் விடுப்பு எடுத்துப் போனேன். ஆலோசனை சொன்னவர் அலுவலகம் முடிந்து நேராக வந்திருந்த இளம் வழக்கறிஞர், நம்ம தமிழ்ப் பொண்ணுதான். நான் எழுதிக்கொண்டு போன மூன்று பக்கத்தைப் படித்தார். பிறகு பேனாவை எடுத்து 'ஈவிரக்கமில்லாத', 'கொடூரன்', 'இவனெல்லாம்' என்று ஒவ்வொன்றாக அடித்தார். மிஞ்சியது ஆறு வரி.

"தண்ணிச் சட்டி பத்தி எழுதலையே அங்கிள், இருந்துச்சா?"

எனக்குத் தெரியவில்லை. அத்தனை நாள் பார்த்தும் சட்டியைக் கவனிக்கவில்லை.

அடித்தால்தான் குற்றம் என்று நினைத்திருந்தேன். விலங்குகள், பறவைகள் சட்டத்தில் 2014இல் செய்த திருத்தம் வளர்ப்பவருக்குப் பராமரிப்புக் கடமையையும் விதித்திருக்கிறதாம்: போதுமான உணவு, தண்ணீர், ஒதுங்க இடம். தவறினால் 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வதை என்று நிரூபணமானால் முதல்முறைக்கே 15,000 வெள்ளி, 18 மாதம் வரை போகலாம். ஆனால் விசாரிப்பது தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு, கால்நடை மருத்துவச் சேவைப் பிரிவான ஏவிஎஸ். அவர்களுக்கு என் கோபம் உதவாது. எந்தத் தேதி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, சட்டி இருந்ததா, அதுதான் வேண்டும். ஃபேஸ்புக் யோசனைக்கு ஒரே வெட்டு: ஒருவரை அவமானப்படுத்த அவர் முகவரியை வெளியிட்டால் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் என் மேலேயே பாயலாம். படத்தை அங்கேயே அழித்தேன்.

சரி, குறை. ஏழு மணிக்கு வரச் சொல்லிவிட்டு எட்டு இருபதுக்குத்தான் கூப்பிட்டார்கள். கிடைத்தது இருபது நிமிடம். கடிதம் எழுதித் தர மாட்டார், கூடவும் வர மாட்டார், ஆலோசனை மட்டும்தான். மேசைகளுக்கு நடுவே ஓர் அட்டைத் தடுப்பு. பக்கத்து மேசையின் விவாகரத்துக் கதை முழுவதும் எனக்குத் தெரியும்; என் நாய்க் கதையை அவர்களும் கேட்டிருப்பார்கள்.

ஒன்பது நாள் குறிப்பெடுத்து ஏவிஎஸ்ஸுக்கு அனுப்பினேன். ஏழு நாளில் சட்டியே இல்லை. யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. மூன்றாவது வாரம் வாசலில் ஒரு நீலப் பேசின் வந்தது. மத்தியானத்தில் நாய் உள்ளே இருக்கிறது. கயிறு என்னவோ இன்னும் அதே நீளம்தான், அதற்கும் குறிப்பு ஓடிக்கொண்டிருக்கிறது.

போகிறவர்கள் படங்களை அச்செடுத்துக்கொண்டு போங்கள். கைப்பேசியில் தேடியே எனக்கு ஐந்து நிமிடம் போய்விட்டது.