மகளிர் குழுவுக்கு ஆர்செட்டி பயிற்சி எப்படி இருக்கு? ஒரு ஊக்குநரோட ரிவ்யூ

மகளிர் சுய உதவிக் குழுவுல இருக்கோம், கடன் வாங்குறோம், கட்டுறோம், மறுபடி வாங்குறோம், ஆனா தொழில்னு ஒண்ணும் கைக்கு வரல, பேங்குங்க நடத்துற இந்த ஆர்செட்டி தொழில் பயிற்சிக்கு போனா பிரயோஜனம் இருக்குமான்னு நிறைய பேர் கேக்குறீங்க. அதான் கொஞ்சம் விவரமாவே எழுதுறேன். நாங்க டெல்டா பக்கம் ஒரு கிராமம், எங்க குழுவ வழிநடத்துற ஊக்குநர் நான். எங்க குழுவுல இருந்தும் பக்கத்து தெரு குழுவுல இருந்தும் சில பேர் சேர்ந்து அப்பளம், ஊறுகாய், மசாலா பொடி கோர்ஸ் போயிட்டு வந்தோம். என் மார்க்க முதல்லயே சொல்லிடறேன்: பயிற்சிக்கு அஞ்சுக்கு அஞ்சு, குழு கடனுக்கு மூணரை, அங்கீகாரத்துக்கு மூணு, குழு உக்காந்து கூட்டம் போட இடத்துக்கு மட்டும் ஒரு மார்க்குக்கு மேல குடுக்க மனசு வரல.

ஆர்செட்டின்னா கிராமப்புற சுயவேலைவாய்ப்பு பயிற்சி நிலையம். 1982ல கர்நாடகாவுல உஜிரேங்கற ஊர்ல தர்மஸ்தலா மஞ்சுநாதேஸ்வரா கல்வி டிரஸ்ட்டும் சிண்டிகேட் பேங்க், கனரா பேங்க் ரெண்டும் சேர்ந்து ஆரம்பிச்ச ருட்செட்டி தான் இதுக்கு மூலம். அது நல்லா ஓடுனத பார்த்து தான் மாவட்டத்துக்கு ஒண்ணுன்னு பேங்குங்க மூலமாவே நாடு முழுக்க கொண்டு வந்தாங்க. பயிற்சி ஃப்ரீ, சாப்பாடு ஃப்ரீ, தங்குற இடமும் ஃப்ரீ. ஃப்ரீன்னா ஏனோதானோன்னு இருக்கும்னு எங்க வீட்ல கூட சொன்னாங்க, அப்படி இல்லவே இல்ல. ஒரு பேட்ச்சுல முப்பது பேர் சுமாருக்கு தான் எடுக்குறாங்க, அதனால எல்லாரும் கையால செஞ்சு பார்க்க முடியுது. மசாலா பொடி கோர்ஸ் 10 நாள், காளான், ஆடு வளர்ப்பு இதெல்லாமும் 10 நாள் தான், தையல் மாதிரி கோர்ஸ் ஒரு மாசம் வரை போகும்.

காலையில கிளாஸ் ஆரம்பிக்கும்போதே நேத்து கத்துக்கிட்டதுல உனக்கு முக்கியமா பட்டது எதுன்னு ஒவ்வொருத்தரா எந்திரிச்சு சொல்லணும். கூட்டத்துல வாயே திறக்காத எங்க குழு தங்கச்சி ஒருத்தி ரெண்டு மூணு நாள்ல தானா எந்திரிச்சு நின்னு பேசுனா, அதுக்காகவே இந்த பயிற்சிய நான் சிபாரிசு பண்ணுவேன். அப்புறம் விளையாட்டு வெப்பாங்க. வளையம் வீசுற விளையாட்டுல எவ்ளோ தூரத்துல நின்னு வீசுறதுன்னு நாமளே முடிவு பண்ணணும், தூரம் கூடினா மார்க் கூடும். பக்கத்துல நின்னு போட்டா விழும், ஆனா மார்க் கம்மி, ரொம்ப தூரம் போனா ஒண்ணுமே விழாது. தொழில்ல எவ்ளோ ரிஸ்க் எடுக்கலாம்னு அத வெச்சு தான் பேசுறாங்க. இன்னொண்ணு கண்ண கட்டிட்டு பழக்கமில்லாத கையால கட்டைய ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கணும், சுத்தி இருக்குறவங்க வழி சொல்லணும். வீட்ல இருக்குறவங்க ஊக்கம் குடுத்தா என்ன ஆகும், கத்துனா என்ன ஆகும்னு அதுலயே தெரிஞ்சுரும். பேப்பர் கப்பல் செய்யுற விளையாட்டு தான் எனக்கு ரொம்ப பிடிச்சது, எத்தன கப்பல் செய்வேன்னு முன்னாடியே சொல்லி, பேப்பர காசு குடுத்து வாங்கி, செஞ்சத வித்து, தரம் சரியில்லன்னா திருப்பி தந்துருவாங்க, கடைசியில லாபமா நஷ்டமான்னு கணக்கு பார்க்கணும்.

அந்த கணக்கு தான் எங்களுக்கு கண்ண திறந்துச்சு. நம்ம ஊர் பொம்பளைங்க மிளகா என்ன வெல, மல்லி என்ன வெல, மில்லுல அரைக்க எவ்ளோன்னு கூட்டி அதுக்கு மேல பத்தோ இருபதோ வெச்சு வித்துருவோம். வெயில்ல காய வெச்சு, வறுத்து, சலிச்சு, பாக்கெட் போட்ட நம்ம கூலிய யாரும் எழுதறதே இல்ல. அங்க பயிற்சி குடுத்த மேடம் முதல்ல உங்க கூலிய எழுதுங்கக்கா, அப்புறம் மிளகா வெலய எழுதலாம்னு சொன்னாங்க. இப்ப நாங்க எந்த பொடி போட்டாலும் நோட்டுல முதல் வரியே கூலி தான்.

லேபிள் பத்தியும் நல்லா சொல்லிக் குடுத்தாங்க, எடை, எம்.ஆர்.பி., தயாரிச்ச தேதி, எத்தன நாளைக்குள்ள பயன்படுத்தணும், சைவத்துக்கு பச்ச குறி, உணவு பாதுகாப்புக்கான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு நம்பர் இதெல்லாம் இல்லாம கடையில வெக்கக்கூடாது. சின்ன அளவுல பண்றவங்களுக்கு அந்த பதிவு வருஷத்துக்கு 100 ரூபா தான், ஏஜெண்டுக்கு ஆயிரக்கணக்குல தூக்கி குடுக்காதீங்க. என் அபிப்ராயத்துல 10 நாள்ங்கறது விற்பனைக்கு பத்தாது, செய்ய கத்துக்கலாம், விக்க கத்துக்க இன்னும் கொஞ்ச நாள் கூட்டுனா நல்லா இருக்கும். ஆனா முடிச்ச பிறகு ரெண்டு வருஷம் தொடர்புல இருந்து விசாரிக்கணும்ங்கறது இந்த நிலையங்களோட விதியிலயே இருக்கு, அத கேட்டு வாங்கிக்கோங்க. டெல்டா பக்கம் இருக்குறவங்களுக்கு தஞ்சாவூர்ல நிஃப்டெம் வேற இருக்கு, உணவு பதப்படுத்துறதுக்குன்னே உள்ள மத்திய அரசு நிறுவனம், அடுத்த கட்டத்துக்கு அங்க விசாரிக்கலாம்.

இப்ப கடன். தமிழ்நாட்டுல இந்த குழு வேலை 1989ல தர்மபுரியில ஐஃபாட்ங்கற ஐ.நா. வேளாண் வளர்ச்சி நிதியத்தோட உதவியில ஆரம்பிச்சது, 1997ல இருந்து மகளிர் திட்டம்னு மாநிலம் முழுக்க வந்துச்சு, அதனால குழுவா பேங்க்ல கடன் வாங்குற லிங்கேஜ் நமக்கு புதுசு இல்ல. வாராவாரம் கூட்டம், தவறாத சேமிப்பு, குழுவுக்குள்ளயே குடுத்து வாங்குற உள்கடன், ஒழுங்கா திருப்பி கட்டுறது, எழுதி முடிச்ச நோட்டு, இந்த அஞ்சும் சரியா இருந்தா உள்கடனுக்கு அரசு தர்ற சுழல்நிதியும் வரும், பேங்க் கடனும் வரும். ரிசர்வ் பேங்க் விதிப்படி முதல் கடனே குழுவோட மொத்த நிதியில 6 மடங்கு இல்லன்னா ஒன்றரை லட்சம், இதுல எது அதிகமோ அது. அப்புறம் 10 லட்சம் வரைக்கும் எந்த ஜாமீனும் கேக்கக்கூடாது, குழு சேமிப்பு கணக்க பிடிச்சு வெக்கக்கூடாது, டெபாசிட் போட்டாதான் கடன்னு சொல்லக்கூடாது. இத ஒவ்வொரு குழுவும் பிரிண்ட் எடுத்து தீர்மான புத்தகத்துல ஒட்டி வெக்கணும்னு நான் சொல்லுவேன். ஏன்னா ஒரு பேங்க் கிளையில எங்ககிட்ட டெபாசிட் போடுங்க, இன்சூரன்ஸ் எடுங்கன்னு தான் ஆரம்பிச்சாங்க, ஊராட்சியில உள்ள குழுவெல்லாம் சேர்ந்த கூட்டமைப்போட தலைவி அக்கா அந்த பேப்பர எடுத்து மேசையில வெச்சதுக்கப்புறம் தான் பேச்சு மாறுச்சு. விதி இவ்ளோ நல்லா இருந்தும் நாம போய் வாதாட வேண்டியிருக்கு, அந்த ஒன்றரை மார்க் குறைஞ்சது அதுக்கு தான்.

சாப்பாட்டு பொருள் பண்ற குழுவா இருந்தா பி.எம்.எஃப்.எம்.இ.ங்கற சிறு உணவு தொழிலுக்கான மத்திய அரசு திட்டத்துல ஒரு உறுப்பினருக்கு 40,000 ரூபா வரை விதை மூலதனம் உண்டு, கூட்டமைப்பு வழியா வரும், கடனா தான் வரும், மானியம்னு நெனச்சு செலவு பண்ணிராதீங்க. நான் அடிச்சு சொல்றது ஒண்ணு தான், பயிற்சி முதல்ல, கடன் அப்புறம். எங்க பக்கம் முக்கால்வாசி குழு கடன முதல்ல வாங்கிட்டு அது பிள்ளை ஃபீஸுக்கும் கல்யாணத்துக்கும் போன பிறகு என்ன தொழில் பண்ணலாம்னு யோசிக்குது.

அங்கீகாரம்னா எல்லாரும் மணிமேகலை விருது தான் சொல்லுவாங்க, நல்லா நடக்குற குழுவுக்கும் கூட்டமைப்புக்கும் அரசு குடுக்குறது, வாங்குன குழுவுக்கு பேங்க்லயே தனி மரியாத இருக்கு, அது உண்மை. அடையாள அட்டையும் குடுக்குறாங்க, அத காட்டி அரசு பஸ்ல 25 கிலோ வரை நம்ம பொருள ஃப்ரீயா ஏத்திட்டு போகலாம், சந்தைக்கு மூட்டை தூக்கிட்டு போறவங்களுக்கு இது பெரிய விஷயம். 2022ல ஆரம்பிச்ச காலை உணவு திட்டத்துல பள்ளிக்கூடத்துல சமைக்க குழு பெண்கள தான் எடுக்குறாங்க, அதுவும் ஒரு அங்கீகாரம் தான். ஆனா எனக்கு முக்கியமா படுறது வேற. கிராம வறுமை ஒழிப்பு திட்டம்னு குழுக்களே வீடு வீடா கேட்டு தயார் பண்ணி கிராம சபையில வெச்சு ஊராட்சி வளர்ச்சி திட்டத்துல சேக்கணும்னு ஏற்பாடு இருக்கு. ஊருக்கு என்ன வேணும்னு சொல்ற உரிமை அது. அதுல கையெழுத்து மட்டும் வாங்கிட்டு போறாங்கன்னா விடாதீங்க, உக்காந்து படிச்சு பார்த்துட்டு போடுங்க.

இடத்துக்கு ஏன் ஒரு மார்க்னு சொல்றேன். கூட்டம் எங்க போடுறோம்ங்கறது சின்ன விஷயமா தெரியும், ஆனா குழு நிக்கிறதும் உடையுறதும் அங்க தான். கோயில் மண்டபத்துல போட்டா காலனி அக்காங்க மேல ஏறி உக்கார தயங்குறாங்க, கூப்பிட்டாலும் ஓரமா தான் உக்கார்றாங்க. ஒருத்தர் வீட்டு திண்ணையில போட்டா அந்த வீட்டுக்காரம்மா சொல்றது தான் தீர்மானம் ஆகுது, அவங்க வீட்டு ஆம்பளைங்க உள்ள இருந்து கேட்டுட்டு இருக்காங்க, கடன் கட்டாதவங்க பேர எப்படி அங்க வெச்சு பேசுறது? நோட்டு, பாஸ்புக், ரப்பர் ஸ்டாம்ப் எல்லாம் யாரோ ஒருத்தர் பீரோவுல. மசாலா பொடி பாக்கெட் போடவும் மழையில்லாத ஒரு சிமெண்ட் தரை வேணும். எல்லாருக்கும் பொதுவான கூரை ஒண்ணு இருந்தா இதுல பாதி சிக்கல் வராது.

தமிழ்நாட்டுல பன்னெண்டாயிரத்துக்கு மேல கிராம ஊராட்சி இருக்கு, நிறைய ஊர்ல கிராம சேவை மையம்னு நல்ல கட்டடமே இருக்கு. சில ஊர்ல கூட்டமைப்பு ஆபீஸா பளிச்சுன்னு ஓடுது, சில ஊர்ல சமுதாயக் கூடத்தோட சேர்த்து பூட்டி, உள்ள சேரும் பந்தல் சாமானும் அடுக்கி கெடக்கு. கேரளாவுல குடும்பஸ்ரீங்கற மகளிர் குழு திட்டம் 1998ல தான் ஆரம்பிச்சது, ஆனா அங்க பெண்கள் குழு கூட்டமைப்பான சி.டி.எஸ். ஆபீஸ் ஊராட்சி அலுவலகத்தோடயே இருக்கு, ஊராட்சி தலைவர பார்க்க யாரும் தனியா அலைய வேண்டாம். கட்டடமே இல்லாத ஊர்னா நமக்கு நாமே திட்டத்துல மூணுல ஒரு பங்கு மக்கள் பணம் போட்டா மிச்சத்த அரசு போடும், வெளிநாட்டுல இருக்குற நம்ம ஊர் பசங்க கோயில் கும்பாபிஷேகத்துக்கு குடுக்குற மாதிரி இதுக்கும் ஒரு தடவ குடுக்கணும்னு ரொம்ப ஆசையா இருக்கு.

கட்டடம் இருந்து பூட்டியிருக்குற ஊர்னா கிராம சபையில தீர்மானம் போடுங்க. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, வருஷத்துக்கு ஆறு தடவ நடக்குது. எல்லா குழுவும் சேர்ந்து போங்க, வாரத்துல எந்த கிழமை, எத்தன மணி, சாவி யார்கிட்டன்னு தீர்மானத்துல எழுத வெச்சு நகல் வாங்கிட்டு வாங்க, வாய்வார்த்தைய நம்பாதீங்க. எங்க ஊர்லயும் அப்படி தான் கேட்டிருக்கோம்.

பயிற்சிக்கு சேர நினைக்கிறவங்க ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக் நகல், போட்டோ எடுத்துக்கிட்டு மாவட்ட ஆர்செட்டிக்கு நேர்ல போய் இந்த வருஷ கோர்ஸ் அட்டவணைய கேளுங்க. கைக்குழந்தை இருக்குறவங்க, ராத்திரி தங்க முடியாதவங்க அத முன்னாடியே சொல்லிடுங்க. தனியா போறத விட ஒரே குழுவுல இருந்து மூணு நாலு பேரா போங்க, திரும்பி வந்து மெஷின் வாங்கும்போதும் கடைக்காரர்கிட்ட வெல பேசும்போதும் கூட ஆள் இருக்கும்.