வில்லாபுரத்தில் ஃபைபர் நெட்: எட்டு மாதக் கதை

வீட்டுக்கு உள்ளூர் கேபிள்காரரிடம் ஃபைபர் நெட் போட்டு எட்டு மாதம் ஆகிறது. 100 எம்பிபிஎஸ், மாதம் 599 என்றார்கள், பில்லில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 707 ரூபாய் வந்து நின்றது, இதை முதலிலேயே சொன்னால் என்னவாம். நொடிக்கு 100 எம்பி இறங்கும் என்று மச்சான் வேறு கனவு கண்டார். அது மெகாபிட், எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட், எட்டால் வகுத்தால் நொடிக்கு 12.5 எம்பிதான் (மெகாபைட்). வயர் போட்டுப் பார்த்தால் அது குறையாமல் வருகிறது, பொய் சொல்லக்கூடாது.

கோளாறு வேறு இடத்தில். மாட்ட வந்த தம்பி, வைஃபை பாஸ்வேர்டாக என் செல் நம்பரையே வைத்துவிட்டுப் போய்விட்டார். பால்காரர் முதல் சீட்டுக்கார அக்கா வரை தெருவே வைத்திருக்கிற நம்பர்! ஒருநாள் ராத்திரி வீடியோ சுற்றிக்கொண்டே இருக்க, பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்து ரூட்டருக்குள் போனால் பதினோரு கருவிகள் தொங்குகின்றன, எங்கள் வீட்டில் இருப்பதோ நாலு. உள்ளே நுழையும் அட்மின் பாஸ்வேர்டும் 'அட்மின்' தான். இரண்டையும் மாற்றி, பாஸ்வேர்டு இல்லாமலே பட்டனிலோ பின் நம்பரிலோ இணைய விடுகிற டபிள்யூபிஎஸ்ஸை அணைத்து, வைஃபைக்குப் பூட்டுப் போடும் டபிள்யூபிஏ2 முறை இருக்கிறதா என்று பார்த்தேன். விருந்தாளிகளுக்குத் தனி கெஸ்ட் வைஃபை. மறுநாள் எதிர்வீட்டுப் பையன், "அண்ணே, உங்க நெட் போயிருச்சா?" என்று கேட்டான்.

சர்வீஸ் பரவாயில்லை. ரூட்டர் பெட்டியில், ஃபைபரில் சிக்னல் வரவில்லை என்று காட்டும் லாஸ் (LOS) விளக்கு சிவப்பாக எரிந்தால் காலையில் போன் போட்டு மதியத்துக்குள் ஆள் வந்துவிடுகிறார். கரண்ட் போனால் மட்டும் நம் பாடு, 12 வோல்ட் குட்டி யூபிஎஸ் ஒன்று வாங்கி வைத்துவிட்டேன்.