மொட்டை மாடி சோலார்: எத்தனை கிலோவாட் போட்டால் காசு திரும்பும்?

தமிழ்நாட்டில் வீட்டுக்கு சோலார் விற்க வருபவர்கள் பெரும்பாலும் ஒரே வாக்குறுதியைத்தான் தருகிறார்கள்: "கரண்ட் பில் பூஜ்யம் சார்." சில கோடையும் சில ஐப்பசி மழையும் பார்த்துவிட்ட, மின்வாரிய லைனோடு (கிரிட்) இணைந்த அமைப்புகளின் பில்லைப் புரட்டினால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. பில்லைப் பூஜ்யமாக்கும் அந்தக் கடைசிக் கிலோவாட்தான் மொத்த அமைப்பிலும் சோம்பேறி. அதற்குக் கொடுத்த காசு பத்து வருடம் ஆனாலும் வீடு திரும்பாது.

காரணம் நம் கட்டண முறை. 2024 ஜூலையில் வந்த வீட்டுக் கட்டணத்தில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 401–500 வரை யூனிட்டுக்கு ஆறு ரூபாய் சொச்சம், 501–600 எட்டரை, 601–800 ஒன்பதரை, 801–1000 பத்தரை, ஆயிரம் தாண்டினால் பதினொன்றரை என்று படி ஏறுகிறது. மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால் 101–200-க்கான மலிவு விலையும் (யூனிட்டுக்கு இரண்டே கால் ரூபாய் சொச்சம்) போய், அதுவும் நாலரை ரூபாய்க்கு மேல் ஏறிவிடும். கிரிட்டிலிருந்து எடுத்ததில் கிரிட்டுக்குக் கொடுத்ததைக் கழித்து பில் போட உதவும் நெட் மீட்டரில், சோலார் யூனிட் எப்போதும் மேல் படியிலிருந்துதான் கழியும். அதாவது, விலை அதிகமான யூனிட்தான் முதலில் மறைகிறது.

இரண்டு மாதத்துக்கு 900 யூனிட் ஓடும் வீட்டை எடுத்துக்கொள்வோம். இரண்டு ஏசி, ஃபிரிட்ஜ், மோட்டார், ஹீட்டர் உள்ள வீடு. தமிழ்நாட்டில் 1 கிலோவாட் பேனல் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட், இரண்டு மாதத்துக்கு 240 யூனிட் தரும். 2 கிலோவாட் போட்டால் 480 கழிந்து பில் 420 யூனிட்டுக்கு வரும். மறைந்த யூனிட்டெல்லாம் ஆறு முதல் பத்தரை ரூபாய் வரை விலையுள்ளவை. 500-க்குக் கீழே இறங்கிய சலுகையையும் சேர்த்தால் ஒரு பில்லுக்குச் சுமார் 4,500 ரூபாய் மிச்சம். மூன்றாவது கிலோவாட் 420-ஐ 180 ஆக்கும். இப்போது கழிவது பெரும்பாலும் ஐந்து ரூபாய்க்கும் குறைந்த யூனிட். மிச்சம் 1,100 ரூபாய் அளவு. நான்காவது கிலோவாட் 180-ஐயும் விழுங்கிவிட்டு 60 யூனிட் உபரி காட்டும். ஆனால் அந்த 180-ல் 100 ஏற்கெனவே இலவசம். மீதி 80-க்கு நீங்கள் கட்டியிருக்கப்போவது 200 ரூபாய்கூட இல்லை. உபரியாகக் கிரிட்டுக்குப் போகும் யூனிட்டைப் பத்தரை ரூபாய்க்கு யாரும் வாங்கிக்கொள்ளப்போவதில்லை.

மானியமும் இதே திசையில்தான் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000, மூன்றாவதுக்கு 18,000, அதோடு சரி. 3 கிலோவாட் போட்டாலும் 8 போட்டாலும் 78,000-தான். ஆக இந்த வீட்டுக்கு 2 கிலோவாட் மிக வேகமாகக் காசு திரும்புவது, 3 கிலோவாட் நியாயமானது, 5 கிலோவாட் விற்பவருக்கு நல்லது. மின்சார ஸ்கூட்டரோ காரோ வரப்போகிறது, மாடியில் இன்னொரு போர்ஷன் கட்டப்போகிறீர்கள் என்றால் மட்டும் கூடுதலாக யோசிக்கலாம். 400 யூனிட்டுக்குள் ஓடும் வீட்டுக்கு சோலாரே அவசரமில்லை. இதைச் சொல்கிற விற்பனையாளரைக் கண்டால் அவரிடமே வாங்குங்கள்.

கணக்குப் போடும்போது ஒரு பில்லைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. ஒரு வருடத்துக்கான ஆறு பில்லையும் தனித்தனியே எழுதி, ஒவ்வொன்றிலிருந்தும் அந்தப் பருவத்து உற்பத்தியைக் கழிக்க வேண்டும். மாசி, பங்குனியில் கிலோவாட்டுக்கு 5 யூனிட் வரை தொடும். வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் சென்னை, கடலூர்ப் பக்கம் நாளுக்கு ஒன்று ஒன்றரைகூடத் தேறாத நாட்கள் வரும். கத்திரி வெயிலில் அள்ளிக் கொட்டும் என்று நினைப்பவர்களுக்கு ஏமாற்றம்தான். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அல்ல. பேனலின் உடம்பு 65 டிகிரிக்குப் போனால், பேனலைச் சோதிக்கும் வெப்பநிலையான 25-ஐவிட 40 டிகிரி அதிகம். மோனோ பெர்க் என்ற வகைப் பேனல் டிகிரிக்கு 0.35 சதவீதம் இழப்பதால் 14 சதவீதம் அங்கேயே போயிற்று. டாப்கான் என்ற புதிய வகைப் பேனலில் அது 0.3 சதவீதம், அதாவது 12. நம் ஊர் வெயிலுக்கு டாப்கான் கொஞ்சம் மேல். ஆனால் அந்த இரண்டு சதவீதத்துக்காக விலையில் பத்து சதவீதம் கூட்டிக் கொடுக்க வேண்டாம். மானியம் வேண்டுமென்றால் பேனலும் அதற்குள் இருக்கும் செல்களும் இந்தியாவிலேயே செய்த டி.சி.ஆர். (உள்நாட்டுத் தயாரிப்பு) வகையாக இருக்க வேண்டும். கொட்டேஷனில் அந்த வார்த்தை இல்லாவிட்டால் எழுதி வாங்குங்கள். மானியத்துக்கான திறன், பேனலின் மொத்தம், பேனலின் டி.சி. மின்சாரத்தை வீட்டுக்கான ஏ.சி.யாக மாற்றும் இன்வெர்ட்டரின் திறன் இரண்டில் எது குறைவோ அதுதான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

விண்ணப்பிக்கும் முன் ஈ.பி. கார்டை எடுத்து இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது. அப்பா பெயரிலோ, வீட்டை விற்றவர் பெயரிலோ இருந்தால் மானியம் வரவேண்டிய வங்கிக் கணக்கோடு பெயர் ஒத்துப்போகாமல் அங்கேயே நின்றுவிடும். பெயர் மாற்றத்தை முதலில் முடித்துவிடுவது நல்லது. இரண்டாவது, அனுமதிக்கப்பட்ட மின்பளு. பழைய வீடுகளில் 1, 2 கிலோவாட் என்றுதான் பதிவாகியிருக்கும். சோலார் திறன் அதைத் தாண்டினால் மின்பளுவை உயர்த்த வேண்டியிருக்கும். 4 கிலோவாட்டுக்கு மேல் என்றால் மூன்று பேஸ் கேட்பார்கள். இந்தச் செலவு எந்தக் கொட்டேஷனிலும் இருக்காது.

மூன்று பேஸ் வீட்டில் சின்ன அமைப்பு போடுபவர்கள் மாட்டிக்கொள்வது பேனல் எண்ணிக்கையில். 540 வாட் பேனல் ஒன்று வேலை செய்யும்போது தருவது சுமார் 41.5 வோல்ட். 3 கிலோவாட்டுக்கு ஆறு பேனலை வரிசையாகக் கோத்தால் 249 வோல்ட். மதியச் சூட்டில் 215-க்கு இறங்கும். ஒரு பேஸ் இன்வெர்ட்டருக்கு இது தாராளம். மூன்று பேஸ் இன்வெர்ட்டர்கள் பலவும் 180, 200 வோல்ட் வந்தால்தான் கண்ணே திறக்கும்; முழுத் திறனோடு ஓட இன்னும் அதிகம் கேட்கும். விளைவு, காலையில் தாமதமாக எழும், மேகம் வந்தால் விட்டுவிட்டு ஓடும். மூன்று பேஸ் இன்வெர்ட்டருக்குப் பத்து பேனலாவது ஒரே வரிசையில் இருந்தால்தான் அழகு. இன்வெர்ட்டரின் டேட்டா ஷீட்டில் எம்.பி.பி.டி. வோல்டேஜ் வரம்பு, அதாவது எத்தனை வோல்ட் முதல் எத்தனை வோல்ட் வரை பேனலிலிருந்து சரியாக எடுக்கும் என்று ஒரு வரி இருக்கும். அதைப் பேனல் எண்ணிக்கையோடு ஒப்பிடாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

நிழலைப் பொறுத்தவரை, தெற்கே பார்த்து 10 முதல் 13 டிகிரி சாய்வு என்பது எல்லாருக்கும் தெரியும். பத்துக்குக் கீழே போனால் மழைத் தண்ணீர் வழியாமல் பேனலின் கீழ் விளிம்பில் தூசி வரியாகப் படிந்து நிற்கும். பலரும் விடுவது வடக்குப் பக்கத்தை. வைகாசி, ஆனி மாதங்களில் சென்னையில் நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே சுமார் பத்து டிகிரி போய்விடுகிறது. வடக்கே இருக்கும் மாடிப்படி அறையின் நிழல், ஜூனில் காலை ஒன்பது மணிக்கு அதன் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு தெற்கே விழும். தெற்கே இருக்கும் தண்ணீர்த் தொட்டியின் நிழல் மார்கழியில் அதே நேரத்தில் தொட்டியின் உயரம் அளவுக்கு வடக்கே நீளும். டிசம்பரில் வந்து அளந்துவிட்டுப் போனவர் ஜூனைப் பார்ப்பதில்லை. ஆறே பேனல் உள்ள வரிசையில் ஒன்றின் மேல் தென்னங்கீற்று நிழல் ஆடினாலும் அந்த நேரத்து உற்பத்தியில் ஆறில் ஒரு பங்கு வரை போகும்.

இடம் 3 கிலோவாட்டுக்கு 250 முதல் 300 சதுர அடி. பேனல் ஒன்று ஏறக்குறைய 28 முதல் 32 கிலோ. தளம் அந்த எடையைத் தாங்கிக்கொள்ளும், கவலை காற்றுதான். இந்தியத் தர நிர்ணயத்தில் சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், கோவைக்கும் மதுரைக்கும் 39. அழுத்தம் வேகத்தின் இருமடியில் ஏறும்: சென்னையில் சதுர மீட்டருக்கு 150 கிலோ எடை அளவு, கோவையில் 90 சொச்சம். கோவையில் நின்ற ஸ்டாண்டை அப்படியே சென்னைக்குக் கொண்டுவர முடியாது. பழைய வீடுகளின் தளத்தில் கான்கிரீட்டின் மேல் செங்கல் ஜல்லி சுண்ணாம்பு வெதரிங் கோர்ஸும் தட்டோடும் மூன்று நான்கு அங்குலம் இருக்கும். ஆங்கர் போல்ட் அதோடு நின்றால் பிடிமானமே இல்லை. தட்டோடு விரிந்து ஒழுகவும் செய்யும். கான்கிரீட் வரை இறங்க வேண்டும், அல்லது தளத்தின் மேல் கான்கிரீட் பீடம் போட்டு அதில் நிறுத்த வேண்டும். கடற்கரைப் பக்கம் உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த (ஹாட் டிப் கால்வனைஸ் செய்த) இரும்பு, துருப்பிடிக்காத ஸ்டீல் போல்ட் இரண்டும் கட்டாயம். வெட்டிய, துளைத்த இடங்களில் ஜிங்க் பெயின்ட் அடிக்காவிட்டால் இரண்டு மழைக்குள் அங்கிருந்து துரு ஆரம்பிக்கும்.

இனி சில வருடங்களில் பழுதாவது எது என்று பார்ப்போம். பேனல் அநேகமாக எதுவும் செய்யாது.

அடிக்கடி வரும் புகார், "நல்ல வெயிலில் இன்வெர்ட்டர் நின்று நின்று ஓடுகிறது." லைன் வோல்டேஜ் 230-ன் 110 சதவீதமான 253-ஐத் தாண்டினால் இன்வெர்ட்டர் இரண்டு விநாடிக்குள் விலகிக்கொள்ள வேண்டும் என்பது விதி. டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்து வீடுகளில் ஞாயிறு மதியம் 250-ஐ ஒட்டுவது சாதாரணம். அதன் மேல் நம் ஒயரும் தன் பங்கைச் சேர்க்கும். 4 கிலோவாட் ஒரு பேஸ் என்றால் சுமார் 17 ஆம்பியர். மாடியிலிருந்து மீட்டர் போர்டு வரை 25 மீட்டர் 4 சதுர மி.மீ. செம்பு ஒயர் இழுத்தால் சுமார் 4 வோல்ட் ஏறும். 10 சதுர மி.மீ. என்றால் ஒன்றரை வோல்ட். இன்வெர்ட்டர் தன் முனையில் 253-க்கு மேல் காண்கிறது, நின்றுவிடுகிறது. கொட்டேஷனில் மிச்சம் பிடித்த சில ஆயிரம் இப்படித்தான் வருடா வருடம் யூனிட்டாகக் கழியும். ஒயர் சரியாக இருந்தும் இந்தத் தொல்லை தீராவிட்டால், இன்வெர்ட்டர் பதிவுசெய்த வோல்டேஜோடு மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் மனு கொடுத்து, டிரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டேப்பை இறக்கச் சொல்வதுதான் வழி.

அடுத்தது மழைக்கால விடியல். இன்வெர்ட்டர் இன்சுலேஷன் குறைவு (எங்கோ மின்கசிவு) என்று பிழை காட்டி, ஒன்பது பத்து மணிக்கு வெயில் ஏறியதும் தானாகச் சரியாகிவிடும். பேனலுக்கடியில் ஒயர்களை இணைக்கும் எம்.சி.4 கனெக்டர்கள் தளத்தின் தண்ணீரில் கிடக்கின்றன என்று அர்த்தம். ஒயரைத் தூக்கி ஸ்டாண்டில் வெயில் தாங்கும் பிளாஸ்டிக் டேக்கால் கட்டினால் போதும்; சாதாரண வெள்ளை டேக் ஒரே கோடையில் பொடிந்துவிடும். ஒரு கம்பெனி ஆண் கனெக்டரை வேறு கம்பெனி பெண் கனெக்டரில் செருகியிருந்தால் பொருந்துவது போலத் தெரியும், உள்ளே சூடேறி உருகும். அணில் கடிக்கும் ஊரென்றால் டி.சி. ஒயர் முழுக்கக் குழாய்க்குள் போகட்டும். இன்வெர்ட்டரை மேற்குச் சுவரில், தகரக் கூரைக்கடியில் மாட்டினால் சூட்டில் தன் திறனைத் தானே குறைத்துக்கொள்ளும். இன்வெர்ட்டரின் மொபைல் ஆப்பில் மதிய உற்பத்தி வரைபடம் குன்று போல வளையாமல் மேஜை போலத் தட்டையாக இருந்தால், பேனல் அதிகமா, காற்றோட்டம் இல்லையா என்று பாருங்கள். எர்த் குழி டி.சி., ஏ.சி., இடிதாங்கி மூன்றுக்கும் தனித்தனி. கோடையில் மண் காய்ந்தால் தண்ணீர் ஊற்றுங்கள்.

கரண்ட் போனால் சோலாரும் நிற்கும். லைனில் வேலை செய்யும் லைன்மேனின் உயிர் சம்பந்தப்பட்ட பாதுகாப்பு அது. ஏற்கெனவே உள்ள பேட்டரி இன்வெர்ட்டர் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கட்டும். சோலார் இணைப்பு அதற்கு முன்னால், மெயின் பக்கத்தில் சேர வேண்டும். ஜெனரேட்டர் இருந்தால் அது ஓடும்போது சோலார் துண்டிக்கப்பட்டே இருக்க வேண்டும்.

கழுவ இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, விடியற்காலை. சூடான கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் வேண்டாம். உப்பு போர் தண்ணீரில் கழுவிக் காயவிட்டால் வெள்ளைப் படிவம் ஏறி, பிறகு எதற்கும் போகாது. வேறு தண்ணீர் இல்லையென்றால் ரப்பர் வைப்பரால் உடனே இழுத்துவிடுங்கள். காக்கை எச்சத்தை மட்டும் இரண்டு வாரம் விடாதீர்கள். அது மூடிய செல் சூடேறிக் கருகும்.

நெட் மீட்டரில் இறக்குமதி, ஏற்றுமதி என இரண்டு எண் மாறி மாறி வரும். இன்வெர்ட்டர் 700 யூனிட் காட்டியது, மீட்டரில் ஏற்றுமதி 400தானே என்று சண்டைக்குப் போகாதீர்கள். மீதி 300-ஐ வீடு பகலிலேயே தின்றுவிட்டது. ரீடிங் எடுக்க வரும் நாளில் இரண்டு எண்ணையும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால், ஏற்றுமதியை விட்டுவிட்டு பில் போட்டிருந்தால் காட்டித் திருத்திக்கொள்ளலாம். ஆப்பில் திடீரென்று உற்பத்தி காணாமல் போனால் டெக்னீஷியனைக் கூப்பிடும் முன் வைஃபை பாஸ்வேர்டை மாற்றினீர்களா என்று பாருங்கள். இன்வெர்ட்டர் டிஸ்ப்ளேயில் வாட் எண் ஓடிக்கொண்டிருந்தால் உற்பத்திக்கு ஒன்றும் ஆகவில்லை.