நேட்டிவ் புல்லுன்னு சொல்லி வேற எதையோ நட்டுட்டுப் போயிட்டாங்க, நீங்களாவது உஷாரா இருங்க

சிகாகோ சுத்துவட்டாரத்துல வீடு வாங்கி தோட்டம் போடலாம்னு இருக்கறவங்க இத படிச்சுட்டு அப்புறம் அட்வான்ஸ் குடுங்க.

நாங்க இருக்கறது நேப்பர்வில். பின்பக்க வேலி ஓரமா லான எடுத்துட்டு இந்த மண்ணுக்கே சொந்தமான ப்ரெய்ரி புல்லு வைக்கணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை. இல்லினாய்ஸ ப்ரெய்ரி ஸ்டேட்னு தான் சொல்றாங்க, ஒரு காலத்துல 2 கோடி ஏக்கருக்கு மேல புல்வெளியா இருந்துச்சாம், இன்னிக்கு நல்ல நிலைமைல இருக்கறது ஆயிரத்துல ஒரு பங்குகூட தேறாது, எல்லாம் மக்காச்சோளமும் சோயாவுமா மாறிடுச்சு. நம்ம வீட்லயாவது கொஞ்சம் இருக்கட்டும்னு நெனச்சேன்.

ஒரு லேண்ட்ஸ்கேப் கம்பெனிக்காரர் வந்தாரு. லிட்டில் ப்ளூஸ்டெம் 12, ப்ரெய்ரி ட்ராப்சீட் 12ன்னு ரெண்டு ப்ரெய்ரி புல்லு பேர நான் சொல்லச் சொல்ல தலையாட்டிட்டு எழுதிக்கிட்டாரு, எல்லாமே நேட்டிவ் தான்னு ரெண்டு தடவ சொன்னாரு. 1,400 டாலர். ஜூன்ல வந்து நட்டாங்க, சின்னதா இருக்கும்போது எல்லா புல்லும் ஒண்ணு போல தான் இருக்கு, எனக்கு ஒண்ணும் தெரியல.

ரெண்டாவது வருஷம் ஆகஸ்ட்ல பாத்தா லிட்டில் ப்ளூஸ்டெம்னு நட்ட 12 தூரும் ஏழடி, பக்கத்து வீட்டு வேலி மேல சாஞ்சு நிக்குது. லிட்டில் ப்ளூஸ்டெம்னா ரெண்டுலேந்து நாலடி தான் வரும். போன் பண்ணிக் கேட்டா உங்க மண்ணு நல்ல மண்ணு, அதான் இப்படி வளந்திருக்குன்றாரு.

அக்டோபர்ல லைல்ங்கற ஊர்ல இருக்கற மார்ட்டன் ஆர்போரேட்டம்ங்கற பெரிய மரத்தோட்டத்துக்குப் போனோம், அங்க ஷூலன்பெர்க் ப்ரெய்ரின்னு 1962ல ஆரம்பிச்சு திரும்ப உருவாக்குன புல்வெளி இருக்கு. அங்க தான் நிஜ லிட்டில் ப்ளூஸ்டெம்ம பாத்தேன், இடுப்பு உசரம், செம்பு நிறத்துல, தண்டு நெடுக வெள்ளப் பஞ்சு ஒட்டிக்கிட்டு. என் வீட்டுல இருக்கறது இது இல்லன்னு அங்கயே புரிஞ்சு போச்சு. அங்க இருந்த ஒரு வாலண்டியர் அம்மா, வீட்டுக்குப் போய் எலையோட நடு நரம்பப் பாரும்மா, ஓரத்தத் தடவிப் பாருன்னாங்க. போய்ப் பாத்தேன். எலை நடுவுல கோடு போட்ட மாதிரி பளிச்சுனு வெள்ள நரம்பு, ஓரத்துல விரல வெச்சதும் சுருக்குனு அறுத்துடுச்சு. ஈரோடு பக்கம் கரும்புக் காட்டுல வளந்தவ நான், தோகை அறுக்கறது எப்படி இருக்கும்னு தெரியும், அச்சு அசல் அதே அறுப்பு. மிஸ்காந்தஸ் சைனென்சிஸ், கிழக்கு ஆசியப் புல்லு, கரும்புக்கு நெருங்கின சொந்தம். இங்க பல மாநிலத்துல வெதை பறந்து போய் காட்டுப்பக்கமெல்லாம் பரவி தொல்லை குடுக்கறது இது தான். ட்ராப்சீட்னு நட்டதும் ட்ராப்சீட் இல்ல, அது ஃபவுண்டன் கிராஸ், பூவு பாட்டில் பிரஷ் மாதிரி இருக்கும். நிஜ ட்ராப்சீட் பூக்கறப்ப கிட்ட போனா கொத்தமல்லி வாசம் வரும், சில பேரு பாப்கார்ன் வாசம்பாங்க.

பில்ல எடுத்துப் பாத்தா "ஆர்னமென்டல் கிராஸ், 1 கேலன், 24"ன்னு மட்டும் தான் இருக்கு. பேரே இல்ல. நான் மாட்டிக்கிட்டது இங்க தான். இதுவும் அழகா தானே இருக்குன்னு சொல்லி ஒரு டாலர் கூட திருப்பித் தரல.

அதனால கொட்டேஷன்லயே லத்தீன் பேரு எழுதச் சொல்லுங்க, லிட்டில் ப்ளூஸ்டெம்முக்கு ஷிசாகிரியம் ஸ்கோபேரியம், ட்ராப்சீட்டுக்கு ஸ்போரோபோலஸ் ஹெட்டெரோலெபிஸ்னு. நடும்போது தொட்டில இருக்கற டேக பிடுங்கி எடுத்து வையுங்க, டேகே இல்லாம வந்தா எறக்க விடாதீங்க. நேட்டிவ்னு சொன்னா எந்த ஊருக்கு நேட்டிவ்னு கேளுங்க. வருஷா வருஷம் உரம் போடணும்னு சொன்னா ஒத்துக்காதீங்க, ப்ரெய்ரி புல்லுக்கு உரம் போட்டா கொழுத்து சாஞ்சுடும். அப்புறம் மே மாசம் பக்கத்து லான் எல்லாம் பச்சையா இருக்கும்போது இது காஞ்சு கெடக்கும், மண்ணு சூடானா தான் துளிர்க்கும், செத்துப்போச்சு மாத்தித் தரேன்னு சொல்லி காசு கேட்டா குடுத்துடாதீங்க.

அந்த மிஸ்காந்தஸ் வேரு அவ்ளோ கெட்டி, ஒரு தூர எடுக்கவே எங்க வீட்டுக்காரர் கோடாலி வெச்சு வெட்ட வேண்டியதாயிடுச்சு. இன்னும் அஞ்சு தூரு பாக்கி. எடுத்த எடத்துல நேட்டிவ் நர்சரிலேந்து நாத்து வாங்கி வெச்சிருக்கேன், இப்ப விரல் நீளம் தான் இருக்கு, மொத வருஷம் வேரு தான் கீழ போகும்னாங்க. உங்க வீட்ல இருக்கறது எதுன்னு சந்தேகமா இருந்தா நடு நரம்பும் பூவும் தெரியற மாதிரி போட்டோ அனுப்புங்க, பாத்துட்டு சொல்றேன்.