மேடைச் சுருதிப்பெட்டி வகுப்புக்கு உதவுமா?

கச்சேரி செய்துகொண்டிருந்துவிட்டுப் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கப் போகிற ஆட்கள் யாராவது இதை வாசித்தால் முதலே சொல்லிவிடுகிறேன்: கையில் இருக்கிற நல்ல தம்பூராப் பெட்டியை, அதாவது தம்பூராவுக்குப் பதிலாகச் சுருதி தருகிற இலத்திரனியல் பெட்டியை, மேடைக்கே வைத்துக்கொள்ளுங்கள், வகுப்புக்கு வேறு ஒன்று வாங்குங்கள். இரண்டுக்கும் காசு எங்கே என்று கேட்பீர்கள். வருகை விரிவுரையாளருக்கு மணித்தியாலக் கணக்கில் என்ன வரும் என்று எனக்கும் தெரியும், அதனால்தான் உட்கார்ந்து இவ்வளவு எழுதுகிறேன்.

நான் வயலின். யாழ்ப்பாணத்தில் கோயில் திருவிழா, அரங்கேற்றம், பக்கவாத்தியம் என்று ஓடித்திரிந்த ஆள், இப்போதுதான் இசைத்துறையில் வகுப்பு எடுக்கத் தொடங்கியிருக்கிறேன். என்னிடம் இருக்கிற இரண்டு பெட்டிகளுமே இந்தியத் தயாரிப்பு. பிராண்ட் பெயர் போடவில்லை, குறையும் சொல்லப் போகிறேன் என்பதால் அது இல்லாமலே இருக்கட்டும். கடையில் போய் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

முதலில் மேடைப் பெட்டி. உண்மையான தம்பூராவைப் பதிவு செய்து போட்டது, சத்தம் அவ்வளவு இனிமை. வயர் செருகி ஒலிபெருக்கிக்காரரிடம் கொடுத்துவிட்டால் அரங்கம் முழுக்க நிறைந்து நிற்கும். பாடகி ஐந்து கட்டை என்றால் (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்கிற எண், கூடக்கூட மேலே போகும்) ஐந்தில் வைத்துவிட்டு இரண்டு மணித்தியாலத்துக்கு அதைத் தொடவே தேவையில்லை, கடைசியில் புன்னாகவராளியோ செஞ்சுருட்டியோ மாதிரி ஒரு ராகம் வந்தால், பஞ்சமத்துக்குப் பதில் மத்திமம் ஒலிக்கிற மத்திம சுருதிக்கு ஒருக்கால் மாற்றுவோம், அவ்வளவுதான். அந்த வேலைக்கு அதைவிட நல்ல பெட்டி நான் பார்க்கவில்லை.

வகுப்பில் அதே பெட்டி மனுசரைக் கொன்றுவிடும். வாய்ப்பாட்டு வகுப்பில் பொடியன்களும் பெட்டைகளும் கலந்து இருப்பார்கள். பெட்டைகள் ஐந்து, ஐந்தரைக் கட்டை, பொடியன்கள் ஒன்று, ஒன்றரை. ஐந்தில் விட்டால் பொடியன்கள் மேல் சட்ஜத்துக்குப் போக ஏலாமல் கீழே இறங்கி முணுமுணுப்பார்கள். நடுவில் மூன்றில் வைப்போம் என்றால் ஒருவருக்கும் வசதி இல்லை, "சேர், கீழ ஒண்டுமே கேக்குதில்லை" என்று பின்வரிசையில் இருந்து குரல் வரும். அப்போ ஆளுக்கு ஆள் மாற்றித்தான் ஆகவேண்டும். மேடைப் பெட்டியில் ஒன்றரையில் இருந்து ஐந்துக்குப் போவதற்கு ஒரு பட்டனை ஒவ்வொரு அரைக் கட்டையாகத் தட்டிக்கொண்டு போகவேண்டும், அது முடிவதற்குள் வகுப்பு கிரிக்கெட் கதைக்கத் தொடங்கிவிடும். வகுப்புக்கென்று வாங்கின புதுப் பெட்டியில் நாலு நினைவுப் பட்டன் இருக்கிறது. ஒன்றில் பொடியன்களின் சுருதி, ஒன்றில் பெட்டைகளின் சுருதி, மூன்றாவதில் வயலின் வகுப்பு. தட்டினால் உடனே மாறுகிறது. இது ஒன்றுக்காகவே அதை வாங்கலாம்.

அடுத்தது நிறுத்துகிற பட்டன். இதை எந்தக் கடைக்காரரும் சொல்லமாட்டார். ஒரு பிள்ளை கல்யாணியில் ஆலாபனை செய்துகொண்டிருக்கும்போது நடுவில் சுருதியை நிறுத்திவிட்டு, அது தொடர்ந்து பாட விட்டு, கொஞ்சம் பொறுத்துத் திரும்பப் போட்டால், பிள்ளை நின்ற இடத்தில் நிற்கிறதா, வழுக்கிவிட்டதா என்று பிள்ளைக்கே தெரியும். நான் வாய்விட்டுத் திருத்தவே தேவையில்லை. அனேகமானவர்கள் மேலே போகும்போது ஏறிவிடுவார்கள், களைத்தால் இறங்கிவிடுவார்கள், தங்களுக்கு எது நடக்கிறது என்று இரண்டு மூன்று வகுப்பிலேயே பிடித்துவிடுகிறார்கள். இதைச் செய்ய, பெட்டி நிறுத்திய அதே சுருதியில் அந்தக் கணமே திரும்பி வரவேண்டும். மேடைப் பெட்டியோ நிறுத்தினால் எல்லாவற்றையும் மறந்துவிட்டு ஒரு கட்டையில் இருந்து, அதுவும் மெதுமெதுவாக, வணக்கம் சொல்லிக்கொண்டு தொடங்கும். கச்சேரியில் அது அழகு. இங்கே அதுவரைக்கும் பிள்ளை பாட்டை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

நுண்சுருதி, அதாவது அரைக் கட்டைக்கும் உள்ளே கொஞ்சம் கொஞ்சமாகச் சுருதியைச் சரிசெய்கிற வசதி கட்டாயம் வேண்டும். வயலினில் தந்தியை முறுக்குகிற பிருடையைத் திருகிப் பெட்டிக்கு வரலாம். இணுவில், அளவெட்டிப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் வீட்டில் நாதஸ்வரத்தோடு வளர்ந்தவர்கள், அதைத் தூக்கிக்கொண்டு வந்தால் என்ன செய்வது? பாரி என்கிற நீள நாதஸ்வரம் இரண்டு, இரண்டரைக் கட்டை என்று சொல்வோமே தவிர, பல குழல்கள் இரண்டுக்கும் இடையில் எங்கேயோதான் நிற்கும். துளை போட்ட மரத்தைப் பெட்டிக்கு இழுக்க ஏலாது, பெட்டிதான் குழலுக்கு வரவேண்டும். பழைய காலத்தில் ஒத்துக்காரர் ஒருவர் பக்கத்தில் இருந்து சுருதிக்கென்றே ஒரு குழலை ஊதிக்கொண்டிருப்பார், இப்போது அவர் இடத்தில் மேளக் கோஷ்டிகளும் பெட்டிதான் வைத்திருக்கிறார்கள்.

இனிப் புதுப் பெட்டியின் குறைகள். சத்தம் ஒல்லி. பின்வரிசைக்குக் கேட்கிறது, மின்விசிறியையும் பக்கத்து அறை மிருதங்கத்தையும் தாண்டிக் கேட்கிறது, ஆனால் தம்பூராவின் நிறைவு இல்லை. ஒரு கட்டையில் சத்தத்தைக் கூட்டினால் ஸ்பீக்கர் மூடி கிர் என்று அதிர்கிறது. நான் மூலையில் ஒரு துண்டு டேப் ஒட்டியிருக்கிறேன். தம்பூராவின் நிறைவு இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை இருக்கிறது, வாங்கும்போது செய்துபாருங்கள்: பஞ்சமத்தில் வைத்து, கட்டையைக் குறைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். நல்ல தம்பூராவில் ஒருவரும் மீட்டாத அந்தர காந்தாரம் என்ற ஸ்வரம் தானாக எழும்பும். என் மேடைப் பெட்டியில் அது வடிவாகக் கேட்கிறது, வகுப்புப் பெட்டியில் காதைக் கொண்டுபோய் வைத்தால்தான் கேட்கும். முதல் வருடப் பிள்ளைகளுக்கு அந்தக் காந்தாரத்தைக் கேட்கப் பழக்குகிற அன்றைக்கு மட்டும் மேடைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறேன், முடிந்தால் உண்மைத் தம்பூராவே நல்லது. மருதனார்மடத்தில் 1960 இல் இராமநாதன் சங்கீத அக்கடமி தொடங்கியபோது இலத்திரனியல் பெட்டியே கிடையாது. பாடகர் மகாராஜபுரம் சந்தானம் அங்கே அதிபராக இருந்த காலத்தில் படித்தவர்களுக்கெல்லாம் தம்பூராவும் காற்றடித்து ஒலிக்கிற துருத்திப் பெட்டியும்தான். தம்பூராவை மீட்டிக்கொண்டே பாடிப் பழகினவருக்கு இந்தச் சோதனையெல்லாம் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

போனில் இலவச அப் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, வீட்டில் தனியாகச் சாதகம் செய்யும்போது நானும் அதைத்தான் போடுகிறேன், சிலது நன்றாகவே இருக்கிறது. வகுப்பில் சரிவராது. போனின் சின்ன ஸ்பீக்கரால் கீழ் சட்ஜத்தைத் தர ஏலாது, நடுவில் வட்ஸ்அப் கத்தும், தோடியில் ஒரு பிள்ளை காந்தாரத்தை அசைத்துக்கொண்டிருக்கும்போது விளம்பரம் வரும். அதோடு ஆசிரியர் போனை எடுத்தால் இருபது பேரும் போனை எடுப்பார்கள்.

கரண்ட் விசயம். 2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டினதை ஒருவரும் மறந்திருக்கமாட்டோம். இப்போது அப்படி இல்லை என்றாலும் பற்றரி இல்லாத பெட்டியை வாங்கவே வாங்காதீர்கள். புதுப் பெட்டி சாதாரண பென் பற்றரியில் ஓடுகிறது, நகரத்தில் எந்தப் பெட்டிக்கடையிலும் வாங்கலாம். மேடைப் பெட்டிக்குள் இருப்பது அதற்கென்றே செய்த பற்றரி, செத்தால் இந்தியாவில் இருந்து வரவேண்டும். அடப்ரரும் இந்திய இரண்டு பின், எங்கள் சதுரப் பின் சுவரில் நேரே போகாது. மேல் ஓட்டைக்குள் பேனையை விட்டுத் தள்ளிச் செருகுகிற வித்தையை மாணவர்கள் முன் செய்யாமல், ஒரு மல்டி பிளக் வாங்கிப் பையில் போட்டுவையுங்கள்.

விலை கடைக்குக் கடை மாறுகிறது, சென்னைக்குப் போய்வருகிற ஆள் கிடைத்தால் சொல்லி எடுப்பதுதான் மலிவு. எனக்கும் அப்படித்தான் வந்தது. மேடை ஏறுவதை விட்டுவிட்டு முழுநேரமாகப் படிப்பிக்கப் போகிறவர் என்றால் வகுப்புப் பெட்டி மட்டும் போதும், வீட்டுக்கு அப் இருக்கிறது. அட்டையில் ஒரு வருட உத்தரவாதம் என்று போட்டிருக்கிறார்கள், கீழே சின்ன எழுத்தில் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் இருக்கிறது. இங்கே பழுதானால் ரேடியோ திருத்துகிற கடைதான்.